பழைய கார்டும் புதிய எஸ்எம்பிஎஸ்ஸும்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் அமைந்துள்ள ரிச்சி தெருவையும், அதைச் சூழ்ந்த நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு முதலியவற்றையும் சேர்த்தே நகரத்தார் ‘ரிச்சி ஸ்ட்ரீட்’ என்று ஒரே பெயரால் அழைக்கிறார்கள். தில்லிக்கு நேரு பிளேஸும் மும்பைக்கு லேமிங்டன் சாலையும் பெங்களூருக்கு எஸ்.பி. சாலையும் எப்படியோ, தென்னகத்தின் மின்னணுப் பொருள்களுக்கு இத்தெருக்கள் அப்படி. 2010களின் பிற்பகுதியில் இங்கே விளையாட்டுக் கணினி ஒன்றை, அதாவது முப்பரிமாணக் காட்சிகளை வேகமாக வரைந்து காட்டுவதற்கெனத் தனியே கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய மேசைக் கணினியை, குறைந்த செலவில் கட்ட வந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு விலைகள் சொல்லப்பட்டன. பெட்டி பிரிக்காத புதிய பொருளுக்கு ஒரு விலை. ‘செகண்ட்ஸ்’ என்று சந்தை வழக்கில் குறிப்பிடப்பட்ட பழைய பொருளுக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோ ஆன இன்னொரு விலை. இந்த இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்கும் வேலை பணத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் ஒரு பொருளின் கடந்த காலத்தை எவ்வளவு தூரம் கடையிலேயே நின்று அறிந்துகொள்ள முடியும் என்பதைப் பற்றியதாகவே இருந்தது என்பது, 2017 முதல் 2019 வரை அத்தெருக்களில் அலைந்த கட்டுரையாளரின் அனுபவம்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி முதல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞர்களில் பலர், சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சியதைச் சேர்த்து இப்படி ஒரு கணினி கட்டும் ஆசையில் இருந்தனர். மேன்ஷனிலிருந்து ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம் என்பதும் அந்த ஆசையை வளர்த்தது. திரை நீங்கலாக 30,000 ரூபாய் என்பது அன்று அவர்களுக்குள் வழங்கிய எல்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற பழைய விளையாட்டுகளுக்கு அதில் பாதியே போதும். 2015இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5ஐ ஓரளவு நன்றாக ஓட்ட முழுத்தொகையும் வேண்டும். 2017இன் இறுதியில் முழு வடிவம் பெற்ற பப்ஜிக்கோ அதுவும் இழுபறிதான்.

இந்த எல்லைக்குள் வருவதற்கு அன்று மிகவும் பேசப்பட்ட வழி, ‘கம்பெனி மெஷின்’ வாங்கி அதில் கார்டு மட்டும் செருகுவது. மென்பொருள் நிறுவனங்களும் அழைப்பு மையங்களும் சில ஆண்டுகள் பயன்படுத்திய மேசைக் கணினிகளை மொத்தமாகக் கழிக்கும்போது, ஏலம் எடுத்தவர்கள் அவற்றைத் துடைத்துச் சரிபார்த்து ‘ரீஃபர்பிஷ்டு’ என்ற பெயரில் கடைகளுக்கு அனுப்புவார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலீட், லெனோவா திங்க்சென்டர் வரிசைப் பெட்டிகள் நரசிங்கபுரம் தெருவின் மாடிக்கடைகளில் கூரை வரை அடுக்கப்பட்டிருந்ததற்கு இதுவே காரணம். அவற்றுள் 2012இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-3470 செயலி கொண்டவற்றுக்குக் கிராக்கி அதிகம். நான்கு கருக்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனி வேலைகளைச் செய்யும் நான்கு கணக்கிடும் அலகுகள், கொண்ட அச்செயலி ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் விளையாட்டுகளுக்குத் தாக்குப்பிடித்தது. செயலி என்பது தேய்மானம் மிகக் குறைந்த பாகம். அதில் சுழலும் உறுப்பு ஏதுமில்லை. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் தரப்படாதவரை ஓடுகிற ஒரு செயலி இன்னும் பல ஆண்டுகள் ஓடும் என்றே எதிர்பார்க்கலாம். கடையில் இயக்கிப் பார்த்தால் திரையில் காட்சி வரும் அல்லது வராது; ‘டிஸ்பிளே வருதா’ என்ற ஒரே கேள்வியோடு செயலியின் கடந்த காலம் அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது.

ஆயினும் கம்பெனி மெஷினுக்குள் கார்டைச் செருகுவது கேட்பதற்கு எளிதாக இருந்த அளவுக்குச் செய்வதற்கு எளிதாக இல்லை. ஆப்டிபிளெக்ஸ் 7010இன் ஒடுங்கிய வடிவத்தில் மின்வழங்கி 240 வாட், பெரிய வடிவத்தில் 275 வாட்; கார்டுக்கென்று தனி மின்கம்பி அவற்றிலிருந்து வருவதில்லை. ஆகவே தாய்ப்பலகையின் செருகுவாய் தரக்கூடிய 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு மட்டுமே பொருந்தும். 2016 அக்டோபரில் வெளியான ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அந்த வரம்புக்குள் சரியாக நின்றது, அது பெற்ற பெரும்புகழுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒடுங்கிய பெட்டிக்கு அதே கார்டின் பாதி உயர வடிவம் வேண்டும். அது அரிது, விலையும் கூடுதல். மேலும் சில பெட்டிகளில் மின்வழங்கியின் இணைப்பு, உலகெங்கும் பொதுவான 24 முனை வடிவில் இல்லாமல் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருந்ததால், பின்னாளில் அதை மாற்றுவதற்கு இடைக்கம்பி ஒன்றைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

புதியதையே வாங்கு என்றவர்களின் கையில் 2017 ஜனவரியில் வந்த பென்டியம் ஜி4560 இருந்தது. இரண்டே கருக்கள்தாம் என்றாலும், ஒவ்வொரு கருவும் இரண்டு பணித்தொடர்களை ஏற்று நடத்தும் ஹைப்பர்த்ரெடிங் வசதி அதுவரை சில தலைமுறைகளாக மேசைக் கணினிக்கான ஐ3, ஐ7 செயலிகளுக்கே பெரும்பாலும் உரியதாக இருந்து, அந்தத் தலைமுறையில்தான் பென்டியத்துக்கு இறங்கி வந்தது. புதிய செயலி, புதிய எச்110 போர்டு, மூன்றாண்டு வாரன்ட்டி என்று எல்லாம் பளபளப்பாகத்தான் இருந்தன. ஆனால் அது கேட்டது டிடிஆர்4 வகை நினைவகம். 2016இன் பிற்பாதியில் தொடங்கி 2018 வரை உலகச் சந்தையில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறிக்கொண்டே போனதில், 8 ஜிபி குச்சி ஒன்றின் விலை ரிச்சி தெருவில் ஏறக்குறைய இரட்டிப்பானது. பழைய பெட்டிகளில் இருந்த டிடிஆர்3 வகையோ அலுவலகங்கள் கழித்துப்போட்ட குவியல்களிலிருந்து தாராளமாகக் கிடைத்தது. மேன்ஷனில் அடுத்த அறையிலிருந்த நண்பர் ஒருவர் புதிய பென்டியம் வாங்கி, நினைவகத்துக்குக் காசு போதாமல் 4 ஜிபியோடு நிறுத்திக்கொண்டார். 8 ஜிபி போட்ட பழைய ஐ5 பெட்டி எதிர் அறையில் அதைவிட நன்றாக ஓடியது. புதிது என்ற சொல் அந்த ஆண்டில் வெவ்வேறு பாகங்களுக்கு வெவ்வேறு அளவில் வரி போட்டது என்றால் மிகையில்லை.

பழையதா புதியதா என்ற விவாதம் உச்சத்துக்குப் போனது கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில்தான். பட்ஜெட்டில் பாதியை விழுங்கும் பாகம் அது. ஈத்தர் போன்ற மறையாக்க நாணயங்களை உண்டாக்குவதற்கான கணக்கீடுகளை இக்கார்டுகள் வேகமாகச் செய்யவல்லவை என்பதால், 2017இன் நடுவிலிருந்து ஆட்கள் அவற்றைப் பத்து இருபதாக வாங்கி இரும்புச் சட்டங்களில் வரிசையாக மாட்டி இரவுபகலாக ஓட்டினார்கள். ‘மைனிங்’ என்று அழைக்கப்பட்ட இத்தொழிலுக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகள் மிகவும் ஏற்றவையாக இருந்ததால், 2017 ஏப்ரலில் வெளிவந்த அவை சில மாதங்களிலேயே கடைகளிலிருந்து மறைந்தன. பிறகு காற்று திரும்பியது. 2018 ஜனவரியில் 1,400 டாலரைத் தொட்ட ஈத்தர் அவ்வாண்டு டிசம்பரில் 100 டாலருக்கும் கீழே விழுந்தது. இடையில் 2018 ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கி, இத்தகைய நாணயங்களில் ஈடுபடுவோருக்குச் சேவை வழங்கக் கூடாதென வங்கிகளைத் தடுத்தது. அத்தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில்தான் நீக்கியது. விளைவாக, 2018இன் கடைசியிலும் 2019இலும் மைனிங் கார்டுகள் மூட்டை மூட்டையாக ரிச்சி தெருவுக்கு வந்துசேர்ந்தன. 150 வாட் கேட்கும் ஆர்எக்ஸ் 570இன் பழைய பிரதி, அதைவிடத் திறன் குறைந்த 1050 டிஐயின் புதிய பிரதிக்குக் கொடுக்கவேண்டிய விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கிடைத்தது. இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க யாரால் முடியும்?

மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே செத்த கார்டு என்ற பேச்சு அன்று பரவலாக இருந்தது. அது பாதிதான் சரி. மின்செலவைக் குறைப்பதற்காக மைனிங் செய்பவர்கள் சில்லின் மின்னழுத்தத்தைக் குறைத்து, ஒரே வெப்பநிலையில் நிலையாக ஓட்டுவது வழக்கம். விளையாடுபவரின் கார்டோ சூடாகி ஆறி, மறுபடி சூடாகி, ஒவ்வொரு முறையும் பற்றவைப்புகள் விரிந்து சுருங்குகின்றன. ஆகையால் மைனிங் கார்டின் மையச் சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. கெட்டுப்போனவை அதைச் சுற்றியிருந்தவை: இடைவிடாமல் சுழன்ற விசிறிகளின் பேரிங், ஓயாமல் சூடேறிய நினைவகச் சில்லுகள், காய்ந்துபோன வெப்பப் பசை. கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கார்டின் தொடக்க நிரலான பயாஸை மைனிங்குக்கு ஏற்ப மாற்றி எழுதியிருப்பார்கள். அந்த நிலையிலேயே விற்கப்பட்ட கார்டு, மைனிங்குக்காக இறுக்கப்பட்ட நினைவக அமைப்போடு விளையாட்டில் தடுமாறும், சில வேளை திரையில் வண்ணப் புள்ளிகளைத் தெறிக்கவிடும். இவற்றையெல்லாம் கடையிலேயே ஓரளவு சோதிக்கலாம். விசிறியை விரலால் மெல்லச் சுழற்றி ஆட்டம் பார்ப்பது, மின்சீராக்கிப் பகுதியில் பலகை பழுப்பேறியிருக்கிறதா என்று பின்பக்கம் பார்ப்பது, திருகாணி மேல் ஒட்டிய வாரன்ட்டி முத்திரை கிழிந்திருக்கிறதா என்று கவனிப்பது, ஃபர்மார்க் என்ற சுமையேற்றும் நிரலை ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் கண்காணிப்பது ஆகியவை அன்று வாடிக்கையான சோதனைகள். கால் மணி நேரம் ஓட்ட அனுமதிக்காத கடையில் வாங்குவதில்லை என்பது மேன்ஷன்காரர்கள் தமக்குள் வைத்திருந்த கட்டுப்பாடு. ‘ஓடுது பாருங்க தம்பி, இதுக்கு மேல என்ன வேணும்’ என்று இரண்டே நிமிடத்தில் கம்பியைப் பிடுங்கிய கடைகளும் இருந்தன.

இந்தச் சோதனைகளால் பிடிபடாத, அல்லது பிடிபட்டிருந்தும் ஆசையால் கவனிக்கப்படாத, தனி வகை ஒன்றும் சந்தையில் உலவியது. 2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ ஆகியவற்றின் சில்லுகளைப் புதிய பலகையில் ஏற்றி, பயாஸை மாற்றி எழுதி, ‘1050 டிஐ’ என்று கணினியே நம்பும்படி செய்த போலிக் கார்டுகள் அவை. விண்டோஸ் அந்தப் பெயரையே காட்டும். 2018 அக்டோபரில் வந்த ஜிபியு-இசட் நிரலின் புதிய பதிப்பு இத்தகையவற்றை இனங்கண்டு ‘போலி’ என்று அறிவிக்கத் தொடங்கும்வரை, சாதாரண வாடிக்கையாளருக்குக் கிடைத்த நம்பகமான அடையாளம் ஒன்றுதான். உண்மையான 1050 டிஐ சார்ந்த பாஸ்கல் தலைமுறைச் சில்லுகளிலிருந்து அனலாக் சமிக்ஞை வெளிவருவதில்லை. எனவே பழைய திரைகளுக்கான நீல நிற விஜிஏ வாய் அக்கார்டுகளில் வழக்கமாக இருக்காது, போலியில் பெரும்பாலும் இருக்கும். கெடுவாய்ப்பாக, மேன்ஷன் அறைகளில் இருந்தவை அனைத்தும் விஜிஏ மட்டுமே கொண்ட 18.5 அங்குலப் பழைய திரைகள். விஜிஏ வாயைப் பார்த்ததும் எச்சரிக்கை அடையவேண்டியவர், தனியே மாற்றி வாங்கும் செலவு மிச்சமென்று மகிழ்ந்துபோவார். சென்னை நண்பர் வட்டத்தில் இப்படி ஏமாந்தவர் ஒருவர் உண்டு. அவருடைய கார்டில் விளையாட்டுகள் திறக்கக்கூட மறுத்தன, காரணம் அவை கேட்ட புதிய வரைகலைக் கட்டளைகள் அந்தப் பழைய சில்லுக்குத் தெரியாது. இது மைனிங் கார்டின் குறையைப் போன்றதன்று. மைனிங் கார்டுக்கு ஒரு கடந்த காலம் இருந்தது, தேடினால் தட்டுப்பட்டது; போலிக்கு இருந்ததோ வேறொன்றின் பெயர்.

அந்நாளில் கட்டுரையாளர் அடிக்கடி போய்வந்த மாடிக்கடை ஒன்றை நடத்தியவரை எல்லோரும் ‘பாய்’ என்றே அழைத்தார்கள். பழைய பொருள்களை விற்றே பிழைத்த அவர், பழையதாக வாங்கக் கூடாத ஒன்றைப் பற்றி மட்டும் தம் வியாபாரத்துக்கு எதிராகவே பேசுவார். ‘கார்டு பழசு வாங்கிக்க தம்பி, ராம் பழசு வாங்கிக்க. எஸ்எம்பிஎஸ் மட்டும் பழசு கேட்டு என்கிட்ட வராத’ என்பது அவர் வாக்கு. எஸ்எம்பிஎஸ் என்று தமிழ்நாட்டுக் கடைகளில் வழங்கும் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றித் தருகிறது. செயலியும் கார்டும் உண்பது 12 வோல்ட் பாதையிலிருந்து. அதனுள்ளே மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்யும் மின்பகுப்புக் கெப்பாசிட்டர்களில் திரவம் இருக்கிறது. வெப்பத்தில் அது மெல்ல உலர்கிறது. இயங்கும் வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலார் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. மே மாதத்துச் சென்னையில் மூடிய மேன்ஷன் அறைக்குள் இக்கணக்கு எப்படி வேலை செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. இந்தத் தேய்மானத்தைக் கடையில் கண்டறிய வழி இல்லை என்பதே சிக்கல். சுமையில்லாமல் மல்டிமீட்டரை வைத்தால் உலர்ந்த எஸ்எம்பிஎஸ்ஸும் 12 வோல்ட்டை ஒழுங்காகக் காட்டும். கார்டு 150 வாட் இழுக்கும் நேரத்தில்தான் சரியும். சரிவதோடு நின்றால் கணினி அணைந்து மறுபடி தொடங்கும், அவ்வளவுதான். உள்ளேயிருக்கும் பாதுகாப்புச் சுற்றும் பழுதாகியிருந்தால் போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

எனினும் எஸ்எம்பிஎஸ்ஸில் புதியது என்பதே போதுமான தகுதியன்று. பெட்டியோடு இலவசம் போல வரும், 450 வாட் என்று ஒட்டுத்தாள் கூறும் பெயரறியா வகைகளும் புதியவைதாம். அவற்றின் ஒட்டுத்தாளில் 12 வோல்ட் பாதைக்கு நேரே எழுதிய ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தால் உண்மை வெளியாகும், அந்த எண்ணும் பொய்யாக இல்லாதவரை. பாய் அதைக் கையில் தூக்கிப் பார்ப்பார். உள்ளே மின்மாற்றியும் வெப்பம் கடத்தும் உலோகமும் குறைவாக இருந்தால் கனம் இராது. ‘80 பிளஸ்’ சான்று பெற்றது, அதாவது குறிப்பிட்ட சுமைகளில் உள்வாங்கும் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் வெளியே தருவதாகச் சோதிக்கப்பட்டது, பெயரறியா வகையைப் போல மூன்று நான்கு மடங்கு விலை. மேன்ஷன் அறைகளின் பழைய மின்கம்பிகளில் எர்த் இணைப்பு ஒழுங்காக இல்லாததால் எந்த எஸ்எம்பிஎஸ் போட்டாலும் இரும்புக் கேபினெட்டைத் தொட்டபோது சுரீரென்றது வேறு கதை. அது பாகத்தின் குற்றமன்று, கட்டடத்தினுடையது.

மற்ற பாகங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. நினைவகக் குச்சி செயலியைப் போலவே நீண்ட ஆயுள் உடையது. ஓரிரவு சோதனை நிரலை ஓட்டினால் குணம் தெரிந்துவிடும். கேபினெட் துருப்பிடிக்காமல் இருந்தால் போதும். ஹார்டு டிஸ்க் மட்டும் தன் வரலாற்றைத் தானே எழுதிவைக்கும் பாகம்: எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை பழுதான பகுதிகளை ஒதுக்கியது என்று அதன் ஸ்மார்ட் பதிவில் இருக்கும். சிசிடிவி பதிவுக் கருவிகளிலிருந்து கழற்றிய டிஸ்குகளில் 40,000 மணி நேரம், அதாவது நிறுத்தாமல் நான்கரை ஆண்டு, என்று காட்டியதைக் கட்டுரையாளர் பார்த்திருக்கிறார். அந்தப் பதிவையே அழித்துப் பூச்சியமாக்கித் தரும் கருவிகளும் புழக்கத்தில் இருந்ததால், மிகக் குறைந்த எண் காட்டிய பழைய டிஸ்கு மிக அதிகம் காட்டியதைவிடச் சந்தேகத்துக்குரியதாயிற்று.

வாரன்ட்டி என்பது இவற்றோடு சேர்த்துப் பேசவேண்டியது. பழைய பொருளுக்குத் தரப்பட்டது ‘கடை வாரன்ட்டி’. ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை, வாய்வார்த்தை, சில வேளை விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தேதியும் கையொப்பமும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் புதிய பாகங்களுக்கு ‘பில் வேணுமா, வேணாமா’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. வேண்டாம் என்றால் 18 சதவீத வரியில் ஒரு பகுதி விலையிலிருந்து இறங்கும், கூடவே நிறுவன வாரன்ட்டியும் கேள்விக்குள்ளாகும். பில் இல்லாத புதிய பொருள் என்பது, வரலாறு சுத்தமாக இருந்தாலும் எதிர்காலம் பழைய பொருளினுடையதைப் போலவே ஆகிவிட்ட ஒன்று. வரிசை எண்ணைக் கொண்டே வாரன்ட்டியைக் கணக்கிடும் நிறுவனங்களின் பழைய கார்டு, தயாரித்து ஓராண்டே ஆகியிருந்தால், இதற்கு நேர்மாறான அனுகூலத்தைத் தந்தது.

கட்டுரையாளர் கடைசியில் கட்டியது இரண்டும் கலந்த கணினி. 2018 பிப்ரவரியில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 3 2200ஜி, தனக்குள்ளேயே வேகா 8 என்ற வரைகலைப் பகுதியைக் கொண்டிருந்ததால், கார்டு இல்லாமலே சில மாதங்கள் ஓட்டிவிட்டு மைனிங் கார்டுகளின் விலை விழும்வரை காத்திருக்க இடம் தந்தது. செயலி, போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றும் புதியவை, பில்லோடு. 2019இல் சேர்ந்த ஆர்எக்ஸ் 570 பழையது, வாங்கிய அன்றே பயாஸை மூலநிலைக்கு மாற்றி, பசை புதுப்பித்து, ஒரு விசிறியையும் மாற்ற வேண்டியிருந்தது.

இத்தேர்வுகளின் பலன் வேறொரு திசையிலிருந்து வந்து தீர்மானமானது. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியையும் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் செயலியையும் குறைந்தபட்சத் தேவையாக வைத்தது. 2012இன் பழைய ஐ5 அதில் தேறவில்லை என்பதில் வியப்பில்லை. 2017இல் பெட்டி பிரித்து வாங்கிய பென்டியமும் ஏழாம் தலைமுறை என்பதால் தேறவில்லை. 2200ஜியும் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தபோது பழையது, புதியது என்று அன்று பிரித்துப் பேசப்பட்ட செயலிகள் மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. பென்டியத்தின் நிலை இன்னும் பரிதாபம். 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகள், அதே எல்ஜிஏ 1151 வடிவச் செருகுவாயைக் கொண்டிருந்தும், புதிய 300 வரிசைப் போர்டுகளையே ஏற்றன. அந்த எச்110 போர்டில் ஏழாம் தலைமுறைக்கு மேலே போக வழியே இல்லாமற்போயிற்று. ஏஎம்டியின் ஏஎம்4 செருகுவாயோ ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. 2022இல் பழைய போர்டுகளுக்கும் பயாஸ் மேம்பாடு வழங்கப்பட்டு, ரைசன் 5000 வரிசைச் செயலிகளை அவை ஏற்றுக்கொண்டன. 2018இல் புதிதாக வாங்கியதில் உண்மையாகவே புதிதாக இருந்தது போர்டின் அந்தச் செருகுவாய் ஒன்றுதான். ஆனால் வாங்கிய நாளில் அதற்கென்று யாரும் தனி விலை சொல்லவில்லை.

பின்னர் அதே தெருவில் பழைய ரைசன் 5 5600 ஒன்று கிடைத்தது. ஏஎம்4 செயலிகளில் 1,331 ஊசிகளும் செயலியின் அடியிலேயே இருப்பதால், வளைந்தது உண்டா என்று வரிசை வரிசையாகக் குழல்விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்து, கடை வாரன்ட்டி ஒரு வாரத்தோடு அது வாங்கப்பட்டது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஐந்தாண்டு வாரன்ட்டி அதற்குள் முடிந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த அதைக் கழற்றிவிட்டு, அன்றே புதியது ஒன்று பில் போட்டு வாங்கப்பட்டது. கழற்றியதை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டதற்கு, அந்த வகைப் பொருளைத் தாம் வாங்குவதில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.